டாம்பா பே 2020: குவார்ட்டர்பேக் தேடலும் தடுப்பு வரிசையும், எது முதலில்?

#1 நெய்தல்

அமெரிக்கக் கால்பந்தில் (என்.எஃப்.எல்.) சீசன் முடிந்த மறுநாளே எல்லா அணி ரசிகர்களும் கேட்பது இதைத்தான்: முதலில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கா, அவரைக் காக்கிற ஐந்து பேர் வரிசையா (லைன்)? இரண்டையும் ஒரே ஆஃப்சீசனில் (இரு சீசனுக்கு நடுவில்) சரிசெய்த அணி என்று 2020 டாம்பா பே பக்கனியர்ஸைச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

2019 டிசம்பர் 29, அட்லாண்டாவுடன் ஓவர்டைம். டாம்பாவின் முதல் பிளேயிலேயே குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் எறிந்த பந்தை டியான் ஜோன்ஸ் பறித்து 27 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். 28-22, கதை முடிந்தது. வின்ஸ்டனுக்கு அந்த சீசனில் அது 30-ஆவது இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்). அப்படி நேரே எதிரணியின் டச்டவுனாகப் போனதில் ஏழாவது. அதே சீசனில் அவர் 5,109 யார்டும் 33 டச்டவுன் பாஸும் எடுத்திருந்தார். சாக் (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டது) 47. அணிக்கு 7 வெற்றி, 9 தோல்வி (7-9).

மார்ச் 20 அன்று நியூ இங்கிலாந்து குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2 ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். ஏப்ரல் 23 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) வலது டாக்கிள் ட்ரிஸ்டன் வெர்ஃப்ஸ் வந்தார். அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பை. இதை வைத்து, "பிரேடி வந்தார், லைனையும் புதுசாக்கினார்கள், ஜெயித்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். லைன் புதுசாகவில்லை. (வரிசையின் நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, இரு ஓரத்திலும் டாக்கிள்.) இடது டாக்கிள் டோனவன் ஸ்மித், இடது கார்டு அலி மார்பெட், சென்டர் ரயன் ஜென்சன், வலது கார்டு அலெக்ஸ் காப்பா நாலு பேரும் 2019-இல் இருந்தவர்களே. வலது டாக்கிள் ஒரே இடம்தான் மாறியது. 47 சாக் வாங்கிய லைனில் நாலு பேரை அப்படியே விட்டுவைத்ததுதான் பொது மேலாளர் ஜேசன் லிக்ட் எடுத்த பெரிய முடிவு என்பது என் கருத்து. உங்கள் பார்வை என்ன?

#2 ஸ்நாப்கணக்கு

நெய்தல் சொல்வதற்குக் கணக்கு ஆதரவாகத்தான் நிற்கிறது. சாக்கின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். சாக்கை, பாஸும் சாக்கும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

வின்ஸ்டன், டாம்பா 2019: 626 பாஸ், 47 சாக். 7.0%
பிரேடி, நியூ இங்கிலாந்து 2019: 613 பாஸ், 27 சாக். 4.2%
பிரேடி, டாம்பா 2020: 610 பாஸ், 21 சாக். 3.3%

டாம்பாவின் விகிதம் 7.0-இலிருந்து 3.3-க்கு இறங்கியது. அதில் 2.8 புள்ளியை பிரேடி நியூ இங்கிலாந்திலிருந்தே கையோடு கொண்டுவந்துவிட்டார். மிச்சம் 0.9-தான் வெர்ஃப்ஸ், ஆட்ட அமைப்பு, பந்து பிடிக்கவும் தடுக்கவும் செய்கிற ராப் க்ரான்கவ்ஸ்கி எல்லாருக்கும் சேர்த்து. வேறு அணி, வேறு எதிரிகள் என்பதால் இதைத் தராசில் நிறுத்த மாதிரி எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் எந்தப் பக்கம் கனம் என்பது தெரிகிறது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற குவார்ட்டர்பேக் போனால் பாதி சாக் அவரோடு போய்விடும். அதை லைன்மேன் தலையில் கட்டி ஆளை மாற்றுகிற அணி, காசையும் விட்டு, பழகிய ஐவரையும் விட்டுவிடும்.

#3 வலப்பக்கம்

விகிதம் சரி. ஆனா அந்த 0.9-ஐ அவ்வளவு லேசா எடுக்காதீங்க. சாக் ஆகாத அழுத்தம் அந்தக் கணக்கில் வரவே வராது.

குவார்ட்டர்பேக் நிற்கிற ஆழத்தை முதல்ல பாருங்க. ஷாட்கன்ல பந்து அவர் கைக்கு வரும்போது சென்டருக்குப் பின்னால 5 யார்டில் இருப்பார். மூணு எட்டு பின்வாங்கினா ஏழரை, எட்டு யார்டு. டாக்கிள் அந்த இடத்தைக் கணக்கு வெச்சுத்தான் கால் எடுத்து வைக்கிறார். வெளிப்பக்கமா வளைஞ்சு வர்ற எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து பாய்ற எதிராளி) அவர் அடிச்சு நிறுத்த வேண்டியதே இல்ல. எட்டு யார்டைத் தாண்டிப் பின்னால போகிற மாதிரி ஓட்டிவிட்டாப் போதும், ரஷர் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால சுத்திக்கிட்டிருப்பார். இப்ப குவார்ட்டர்பேக் தானா பத்து யார்டுக்கு நழுவினா? டாக்கிள் சரியா வழியனுப்பி வெச்ச ஆளோட மடியில போய் அவரே உட்கார்ற மாதிரி ஆயிடும். டிவியில பார்க்கிறவங்க டாக்கிள் கோட்டைவிட்டார்னு சொல்வாங்க.

சரி, நழுவாம முன்னால ஏறி நிற்கணும்னா ஏற இடம் வேணும். அந்த இடத்தைக் கொடுக்கிறது கார்டு, சென்டர், கார்டு, நடுவில இருக்கிற மூணு பேர். அவங்களை மூணு யார்டு பின்னால தள்ளிட்டா ஏறவும் முடியாது, முகத்துக்கு நேரா கை வர்றதால பார்க்கவும் முடியாது, எறிஞ்ச பிறகு முன்கால் ஊன்றவும் முடியாது. கால் ஊன்றாத பாஸ் மேல ஏறிப் போகும். அதுதான் எதிரணியில கடைசியா நிற்கிற சேஃப்டி கையில விழறது. அது சாக் கணக்கில வராது, இன்டர்செப்ஷன் கணக்கில வரும், பழி குவார்ட்டர்பேக் மேல.

ஓடித் தப்பிக்கத் தெரிஞ்சவருக்கு நடுப்பகுதி கொஞ்சம் இளகினாலும் சமாளிப்பார். பிரேடி வரும்போது வயசு 42, ஆகஸ்ட்ல 43. அவருக்கு நடு மூணு பேர்தான் உயிர்நாடி. டாம்பாவில அது ஏற்கனவே கெட்டியா இருந்துச்சு. அதனாலதான் நாலு பேரை விட்டுவெச்சது சரி. ஸ்நாப்கணக்கு சொல்ற காரணத்தால மட்டும் இல்ல.

#4 குமரித்தென்றல்

ஒரு சந்தேகம் அண்ணா. நடுப்பகுதி அவ்வளவு முக்கியம் என்றால் முதல் சுற்றுத் தேர்வை ஏன் டாக்கிளில் போட்டார்கள்? அதுவும் 14-இலிருந்து 13-க்கு ஒரே ஒரு இடம் ஏற நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து? அனுபவம் உள்ள டாக்கிளை ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை) வாங்கியிருந்தால் புதுமுகம் என்ற பயமே இருந்திருக்காதே.

#5 கேப்கணக்கன்

நல்ல கேள்வி தம்பி. அந்த லைன் எந்த ஆண்டு, எந்த விலைக்குச் சேர்ந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஸ்மித்தும் மார்பெட்டும் 2015 டிராஃப்ட், இருவரும் இரண்டாம் சுற்று. ஸ்மித் பென் ஸ்டேட்டில் இருந்து 34-ஆவது. மார்பெட் ஹோபார்ட் என்ற சின்னக் கல்லூரி, 61-ஆவது. காப்பா 2018, மூன்றாம் சுற்று, ஹம்போல்ட் ஸ்டேட். ஜென்சன் மட்டும் வெளியிலிருந்து வாங்கியவர்: 2018-இல் பால்டிமோரிலிருந்து, 4 ஆண்டுக்கு 4.2 கோடி டாலர். 2019-இல் ஸ்மித்துக்கு 3 ஆண்டுக்கு 4.125 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். ஆக 2020 மார்ச் வரும்போது ஐந்தில் நாலு இடம் விலை பேசி முடிந்த இடம். காலியானது டெமார் டாட்சனின் வலது டாக்கிள் இடம் மட்டும். அவர் 2009 முதல் அந்த அணியில் இருந்தவர், வயது 34.

அந்த ஆண்டு சேலரி கேப் (ஒரு அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) 19.82 கோடி டாலர். பிரேடிக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி. ஷகில் பாரெட்டை ஃப்ரான்சைஸ் டேக் (ஒரு ஆண்டுச் சம்பளத்தில் ஆளைக் கட்டிவைக்கும் உரிமை) போட்டு நிறுத்தினார்கள், ஜேசன் பியர்-பாலுக்கும் சூவுக்கும் மறுபடி ஒப்பந்தம். இவ்வளவுக்கும் பிறகு தேர்ந்த டாக்கிளைச் சந்தை விலைக்கு வாங்கினால் எதிரணியை மடக்குகிற டிஃபென்ஸ் பக்கம் ஒருவரை இழக்க வேண்டும். 13-ஆவது தேர்வுக்கு 4 ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 1.6 கோடி டாலர்தான், ஐந்தாம் ஆண்டு விருப்ப உரிமையும் அணியிடம். டாக்கிள் என்பது சந்தையில் விலை அதிகமான இடம், டிராஃப்டில் மலிவான இடம். கார்டு, சென்டரை இரண்டாம், மூன்றாம் சுற்றில் பிடித்துவிடலாம், சந்தையிலும் கொஞ்சம் குறைவு. முதல் சுற்றில் டாக்கிள் எடுப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு இடம் ஏன் ஏறினார்கள் என்றால், அன்றைக்கு டிராஃப்ட் பலகை வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. முதல் தரத்தில் நாலு டாக்கிள். ஆண்ட்ரூ தாமஸ் 4-இல் ஜயன்ட்ஸுக்கு, ஜெட்ரிக் வில்ஸ் 10-இல் பிரவுன்ஸுக்கு, மெகாய் பெக்டன் 11-இல் ஜெட்ஸுக்கு. மிச்சம் வெர்ஃப்ஸ் ஒருவர். 13-ஆவது இடம் சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் கையில். அவர்களுக்கு டாக்கிள் வேண்டாம் என்றாலும் அந்த இடத்தை வேறு யாராவது வாங்கிவிடலாம். 14-உம் நான்காம் சுற்றின் 117-உம் கொடுத்து டாம்பா 13-உம் 245-உம் வாங்கியது. 49ர்ஸ் 14-இல் ஜவான் கின்லாவை எடுத்தார்கள். அந்த 117-ஐக் காப்பீட்டுக் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேவை ஒரே இடம், அதற்கு மிச்சம் ஒரே ஆள் என்றால் அது அதிக விலை இல்லை. இன்னும் இரண்டு பேர் மிச்சம் இருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

#6 நெய்தல்

கேப்கணக்கன் சொன்னதோடு குவார்ட்டர்பேக் பக்கத்தையும் சேர்க்கிறேன். அந்த மார்ச்சில் சந்தை வழக்கத்துக்கு மாறாக நிறைந்திருந்தது. ஃபிலிப் ரிவர்ஸ் 1 ஆண்டு 2.5 கோடிக்கு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போனார். டெடி பிரிட்ஜ்வாட்டர் 3 ஆண்டு 6.3 கோடிக்கு கரோலைனா. ரயன் டேனஹில் 4 ஆண்டு 11.8 கோடிக்கு டென்னசியிலேயே தங்கினார். கேம் நியூட்டனை கரோலைனா மார்ச் 24-இல்தான் விடுவித்தது; அதற்குள் பெரும்பாலான இடம் நிரம்பிவிட்டது.

இதில் ரிவர்ஸ் கதைதான் நம் பேச்சுக்கு நேரடிச் சான்று. 2019-இல் சார்ஜர்ஸில் 34 சாக். க்வெண்டன் நெல்சனும் ரயன் கெல்லியும் இருந்த கோல்ட்ஸ் லைனுக்குப் பின்னால் 2020-இல் 19. அணி 11-5. ஸ்நாப்கணக்கு, அதே மனிதர், வேறு லைன். இங்கே மாறியது லைன்தானே?

#7 ஸ்நாப்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். ரிவர்ஸ் விஷயத்தில் லைனுக்குத்தான் பெரும்பங்கு. பந்தைச் சீக்கிரம் விடுகிறவருக்கே லைன் இவ்வளவு உதவுகிறது என்றால் 0.9 என்று நான் ஒதுக்கியது குறைவுதான். வலப்பக்கம் சொன்னதை ஏற்கிறேன்.

#8 மூணாம்டவுன்

எல்லாரும் ஆள் சேர்ப்பையே பேசறீங்க. ஆள் வந்த பிறகும் நவம்பர் வரைக்கும் அந்த அணி முழுசா ஒட்டவே இல்லைங்கறதை விட்டுட்டீங்க.

டாம்பா கோச் புரூஸ் ஏரியன்ஸ் ஆட்டம் தொலைவுக்கு எறிகிற ஆட்டம். ஆழமான ரூட் (பந்து பிடிக்கிறவர் ஓடற பாதை) ஓடி முடிய நேரம் வேணும், குவார்ட்டர்பேக் காத்திருக்கணும். பிரேடி இருபது வருஷமா சீக்கிரம் விட்டுப் பழகினவர். போதாக்குறைக்கு 2020-இல் வசந்தகாலப் பயிற்சி முகாம் இல்ல, ப்ரீசீசன் ஆட்டம் ஒண்ணுகூட நடக்கல. புது குவார்ட்டர்பேக், புதுமுக வலது டாக்கிள், ரெண்டு பேரும் நேரா செப்டம்பர் 13-இல் நியூ ஆர்லியன்ஸ்ல இறங்கினாங்க. வெர்ஃப்ஸுக்கு முதல் ஆட்டத்துலயே எதிரே எட்ஜ் ரஷர் கேமரன் ஜோர்டன். ஆட்டம் 34-23-ன்னு போச்சு, பிரேடிக்கு ரெண்டு இன்டர்செப்ஷன். வெர்ஃப்ஸ் மட்டும் அசரல.

அடுத்து நவம்பர் 8, அதே நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்கிட்ட 38-3 தோல்வி. அன்னிக்கு மார்பெட் தலையில அடிபட்டு ஆடல. வலப்பக்கம் சொன்ன நடு மூணுல ஒருத்தர் இல்ல. மூணு சாக், மூணு இன்டர்செப்ஷன். இதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆட்டத்துல டாம்பா பந்தை எடுத்து ஓடினது மொத்தமே 5 தடவை, 8 யார்டு. லீக் வரலாற்றிலேயே ஒரு ஆட்டத்துல அவ்வளவு குறைவா யாரும் ஓடினதில்ல. ஓட்டமே வராதுன்னு எதிரணிக்குத் தெரிஞ்சா எட்ஜ் ரஷருக்குத் தயக்கமே கிடையாது, ஸ்நாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால கொடுத்ததும்) காதைப் பின்னுக்கு மடிச்சிட்டுப் பாய்வான். எந்த லைனும் தாங்காது.

13-ஆவது வாரம் ஓய்வு. அப்ப 7-5. அதுக்கப்புறம் ஸ்நாப்புக்கு முன்னால ஆள் நகர்த்தறதும், ஓட்டம் மாதிரி காட்டிட்டு எறியறதும் கூடிச்சு. எட்டு ஆட்டம் தொடர்ச்சியா ஜெயிச்சாங்க, கடைசி எட்டாவது சூப்பர் பவுல். லைன்ல ஆள் மாறல. லைனுக்கு வேலை இலகுவாச்சு.

#9 வலப்பக்கம்

மூணாம்டவுன் அருமையா சொன்னீங்க. ஓட்டம் மாதிரி காட்டறது லைனுக்கு ஏன் உதவுதுன்னு ஒரு வரி: ஓட்டமோன்னு லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால நிற்கறவர்) ஒரு எட்டு முன்னால வைப்பார், எட்ஜ் ரஷர் அரை நொடி தன் இடத்தைக் காத்து நிற்பார். அந்த அரை நொடிதான் டாக்கிளுக்குச் சம்பளம்.

பாதுகாப்பு அமைப்பையும் சொல்லிடறேன், ஏன்னா "தடுப்பாளர் வேணும்"னு சொல்றவங்க எத்தனை பேர் தடுக்கறாங்கன்னே எண்ணறது இல்ல.

அதிகம் பார்க்கறது அரை ஸ்லைடு. லைனோட ஒரு பக்கம், சென்டர், கார்டு, டாக்கிள் மூணு பேரும் ஆளைப் பார்க்காம இடைவெளியைப் பிடிச்சு ஒரே திசையில நகருவாங்க. மறுபக்கம் கார்டும் டாக்கிளும் எதிர்ல நிற்கிற ஆளுக்கு ஆள். ரன்னிங் பேக் (பந்தோட ஓடறவர்) அந்த ஆளுக்கு ஆள் பக்கத்துல நின்னு உள்ளேயிருந்து வெளியே பார்த்து, யாராவது மிச்சமா வந்தா எடுப்பார். ஸ்நாப்புக்கு முன்னால குவார்ட்டர்பேக்கோ சென்டரோ ஒரு லைன்பேக்கரைக் கைகாட்டி "மைக்" அவர்தான்னு சொல்றது இந்தக் கணக்குக்குத்தான். அவரிலிருந்துதான் யாருக்கு யார்னு எண்ண ஆரம்பிப்பாங்க. தப்பான ஆளைக் காட்டினா அஞ்சு பேரும் சரியா தடுத்தும் ஒருத்தன் தொடாமலே உள்ளே வந்துடுவான்.

இடம் பிசகறது பெரும்பாலும் ட்விஸ்ட்ல. எட்ஜ் ரஷர் கார்டு மேல உள்ளே பாய்வார், பக்கத்துல இருந்த எதிரணி டிஃபென்சிவ் டாக்கிள் அவருக்குப் பின்னால சுத்தி வெளியே வருவார். புதுமுக டாக்கிள் தன் ஆளைத் துரத்திக்கிட்டு உள்ளே போனா கார்டு மேலயே இடிப்பார், வெளிக்கதவு திறந்து கிடக்கும். அதைத் தவிர்க்கக் கார்டும் டாக்கிளும் ஒரே ஆழத்துல இருக்கணும். ஒருத்தர் ஒரு யார்டு முன்னால நின்னாலும் ஆளைக் கைமாத்த முடியாது. டாக்கிளோட கண் தன் ஆளோட இடுப்பையும் தாண்டி உள்பக்கம் இருக்கணும். உள்ளே வர்றவரை ஒரு கையால கார்டு பக்கம் தள்ளிக் கொடுத்துட்டு வெளியே வர்றவருக்குத் திரும்பணும்.

இதுக்குப் பழக்கம்தான் மருந்து. காப்பா பக்கத்துல வெர்ஃப்ஸ் மட்டும் புதுசு. வாஷிங்டனோட நடந்த ப்ளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்துல காப்பாவுக்குக் கணுக்கால் முறிஞ்ச பிறகு ஆரன் ஸ்டின்னி வந்து மிச்சம் மூணு ஆட்டமும் ஆடினார், கோப்பை ஆட்டம் உட்பட. டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர். அவருக்கு ரெண்டு பக்கமும் நிலையா நின்ன ஆள் இருந்ததால தாக்குப்பிடிச்சார். அஞ்சு பேரையும் மாத்தியிருந்தா ஆறாவது ஆள் இறங்கும்போது லைனே குலைஞ்சிருக்கும்.

#10 குமரித்தென்றல்

தொடாமல் ஒருவன் உள்ளே வந்தால் அது எப்போதுமே லைன் தப்பா?

#11 வலப்பக்கம்

இல்ல தம்பி. தடுக்கறவங்க அஞ்சு லைன்மேன், ஒரு ரன்னிங் பேக், ஆக ஆறு. ஏழு பேர் வந்தா ஒருத்தன் கணக்குப்படியே மிச்சம். அவன் குவார்ட்டர்பேக்கோட ஆள். அவன் வந்த பக்கத்திலிருந்து காலியான இடத்துக்கு ஒரு குட்டை ரூட் ஓடும், அவன் தொடறதுக்குள்ள பந்து அங்கே போயிருக்கணும். அதைப் பார்க்காம சாக் வாங்கினா அது லைன்மேன் கணக்குல எழுதக்கூடாது. எந்த அணி வீடியோவைப் பார்த்தாலும் முதல்ல எதிர்ல வந்தவங்களை எண்ணுங்க, அப்புறம் தடுக்க நின்னவங்களை எண்ணுங்க. வந்தவங்க அதிகம்னா அந்த சாக்கைத் தனியா எடுத்து வெச்சுடுங்க.

#12 ஸ்நாப்கணக்கு

மறுபக்கத்துப் பாடம் அதே சூப்பர் பவுலில் எதிரே நின்றது. கான்சஸ் சிட்டிக்கு இடது டாக்கிள் எரிக் ஃபிஷர் அரையிறுதியில் குதிநரம்பு அறுந்து வெளியே. வலது டாக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் ஏற்கனவே வெளியே. வலது டாக்கிளாக ஆடிய மைக் ரெம்மர்ஸை இடப்பக்கம் போட்டு, கார்டு ஆடிய ஆண்ட்ரூ வைலியை வலது டாக்கிளாகப் போட்டார்கள். டாம்பாவின் டிஃபென்ஸ் கோச் டாட் போல்ஸ் அன்று பிளிட்ஸே (கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) அதிகம் அனுப்பவில்லை. நாலு பேரை மட்டும் அனுப்பினார், ஏழு பேரைப் பின்னால் நிறுத்தினார். சாக் மூன்றுதான். ஆனால் கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே எறிந்தார்: 49-க்கு 26, இரண்டு இன்டர்செப்ஷன், டச்டவுன் இல்லை. டாம்பா 31-9 என்று ஜெயித்தது. சாக் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் லைன் நன்றாக ஆடியது என்று எழுத வேண்டிவரும்.

அடுத்த மாதமே ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் இருவரையும் கான்சஸ் சிட்டி விடுவித்தது. கார்டு ஜோ தூனி 5 ஆண்டு 8 கோடிக்கு வந்தார். அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உட்படக் கொடுத்து டாக்கிள் ஆர்லாண்டோ பிரவுனை பால்டிமோரிலிருந்து வாங்கினார்கள். டிராஃப்டில் சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி 63-ஆவது, கார்டு ட்ரே ஸ்மித் 226-ஆவது. ஐந்து இடமும் புதிது. ஐந்தையும் மாற்றக் கூடாது என்ற வாதத்துக்கு இது எதிர்ச்சான்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

#13 மூணாம்டவுன்

அது எதிர்ச்சான்று இல்லைன்னுதான் நினைக்கிறேன். மஹோம்ஸும் கோச் ஆண்டி ரீடும் இருக்கிற அணிக்குக் குவார்ட்டர்பேக், ஆட்ட அமைப்பு ரெண்டும் நிலையா இருக்கு, லைன் மட்டும்தான் புதுசு. குவார்ட்டர்பேக்கும் புதுசு, அஞ்சு பேரும் புதுசுன்னா யார் எந்த ஆளைக் கைகாட்டறதுன்னே அக்டோபர் வரைக்கும் தகராறா இருக்கும்.

சின்சினாட்டியைப் பாருங்க. 2021 டிராஃப்ட்ல 5-ஆவது இடத்துல டாக்கிள் பெனே சூவெல்லை விட்டுட்டு பந்து பிடிக்கிற ஜமார் சேஸை எடுத்தாங்க. சேஸ் தப்பான தேர்வு இல்ல. ஆனா கார்டு இடத்தைச் சரிபண்ணாம விட்டாங்க. குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு வழக்கமான சீசன்ல 51 சாக், டென்னசி ப்ளேஆஃப்ல 9, சூப்பர் பவுல்ல 7. கடைசி நாலாவது டவுன்ல (கடைசி முயற்சி) எதிரணியோட ஆரன் டொனால்ட் உள்பக்கம் வழியா வந்து பரோவைச் சுழற்றினார். அடுத்த மார்ச்ல சின்சினாட்டி யாரை வாங்கிச்சு? டாம்பாவோட காப்பா, அப்புறம் டெட் கேரஸ், லயல் காலின்ஸ். நடுப்பகுதிக்கு ரெண்டு பேர்.

#14 கேப்கணக்கன்

காப்பா போனதிலிருந்துதான் டாம்பாவின் கணக்கு கலைந்தது. அதையும் சொல்லாமல் 2020-ஐ மட்டும் பாராட்டினால் பாதிதான்.

2022 பிப்ரவரியில் மார்பெட் 28 வயதில் ஓய்வு அறிவித்தார். மார்ச்சில் காப்பா போனார். ஜூலையில் பயிற்சி முகாமின் இரண்டாம் நாளே ஜென்சனின் முழங்கால் போயிற்று. ஆறு மாதத்தில் நடு மூன்று பேரும் காலி. நியூ இங்கிலாந்திலிருந்து ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு ஷாக் மேசன் வந்தார், சென்டரில் ராபர்ட் ஹெய்ன்சி, இடது கார்டில் புதுமுகம் லூக் கெடக்கி. அந்த சீசனில் ஓட்டம் ஆட்டத்துக்கு 76.9 யார்டு, லீக்கில் கடைசி. அணி 8-9.

பணப்பக்கம்: 2021-இல் கேப் 18.25 கோடியாகக் குறைந்தது. 22 தொடக்க வீரர்களையும் தக்கவைக்க, பிரேடி ஒப்பந்தத்தில் ஆடாத ஆண்டுகளைச் சேர்த்தார்கள். உதாரணத்துக்கு, 2 கோடி போனஸை 5 ஆண்டில் பிரித்தால் ஆண்டுக்கு 40 லட்சம்தான் கேப்பில் ஏறும். ஒரே ஆண்டு ஆடிவிட்டு ஆள் போனால் மிச்சம் 1.6 கோடி ஆடாத ஆளின் பேரில் நிற்கும். பிரேடி ஓய்வு பெற்றதும் 2023 கணக்கில் அப்படி நின்றது 3.51 கோடி. அதனால்தான் அடுத்த குவார்ட்டர்பேக்காக பேக்கர் மேஃபீல்டை 1 ஆண்டு, அடிப்படை 40 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள்.

#15 ஸ்நாப்கணக்கு

கேப்கணக்கன் குறிப்பிட்ட அதே 2022-இல் பிரேடிக்கு 733 பாஸ், 22 சாக். 2.9%! லைன் உடைந்த ஆண்டில் விகிதம் இன்னும் குறைந்திருக்கிறது. 2023-இல் மேஃபீல்டுக்கு 566 பாஸ், 40 சாக், 6.6%. ஆனால் அந்த மேஃபீல்ட் அணிதான் 9-8 எடுத்து பிரிவை வென்று ஃபிலடெல்ஃபியாவை 32-9 என்று அனுப்பியது.

#16 நெய்தல்

2022-இல் பிரேடி சாக் வாங்கவில்லைதான், பந்தை உடனே உடனே விட்டுத் தள்ளினார். பாஸுக்கு 6.4 யார்டு. தொலைவுக்கு எறிய நேரம் இல்லாததால் சேஃப்டிகள் முன்னால் ஏறி வந்து ஓட்டத்தையும் அடைத்தார்கள். நடு மூன்று பேர் இல்லாததற்கான விலை சாக்கில் விழவில்லை, மற்ற எல்லாவற்றிலும் விழுந்தது. மேஃபீல்ட் ஓடித் தப்பிக்கத் தெரிந்தவர், காத்திருந்து ஆழத்துக்கு எறிந்தார், சில சாக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். நம் முதல் கேள்வியையே இது கொஞ்சம் மாற்றுகிறது. லைன் எப்படி இருக்க வேண்டும் என்பதை வரப்போகிற குவார்ட்டர்பேக்தான் முடிவு செய்கிறார்.

#17 குமரித்தென்றல்

2023-இல் வெர்ஃப்ஸை இடப்பக்கம் மாற்றினார்களே, அது ஆபத்து இல்லையா? கான்சஸ் சிட்டி ரெம்மர்ஸைப் பக்கம் மாற்றியது கைகொடுக்கவில்லையே.

#18 வலப்பக்கம்

அதை நான் முழுத் தவறுன்னு சொல்ல மாட்டேன், ரெம்மர்ஸுக்குப் பழக ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. வெர்ஃப்ஸுக்கு ஒரு முழு ஆஃப்சீசன்.

மாறறது உடம்போட ரெண்டு பாதி. வலது டாக்கிளுக்கு வலது கால் பின்னால, அதைத்தான் உதைச்சு வெளியே வைப்பார். இடது கால் ஊன்றுகால், உள்பக்கம் வர்றவனை அதுதான் தாங்கும். இடம் மாறினா ரெண்டு காலும் வேலையை மாத்திக்கணும். முதல்ல இடறுவது ஊன்றுகால்தான். வெளியே உதைக்கறது சீக்கிரம் வந்துடும், ஆனா உள்பக்கம் வெட்டி வர்றப்ப பழைய பழக்கத்துல தப்பான கால்ல எடை இருக்கும். அதனால புதுசா பக்கம் மாறின டாக்கிளை எதிரணி முதல்ல உள்பக்கம்தான் சோதிப்பான். வெர்ஃப்ஸ் கம்பைன்ல (டிராஃப்டுக்கு முன்னால நடக்கற உடல்திறன் சோதனை) 320 பவுண்டு உடம்போட 36.5 அங்குலம் குதிச்சவர், லைன்மேன்கள்ல அப்ப அது சாதனை. கால்ல அந்த வெடிப்பு இருந்தா எடை தப்பா விழுந்தாலும் திருத்திக்க நேரம் கிடைக்கும். எல்லாருக்கும் இதைச் செய்யக் கூடாது.

அவர் விட்ட வலது டாக்கிள் இடத்துக்கு வெளியாளைத் தேடல. கார்டா தடுமாறின கெடக்கி கல்லூரியில வலது டாக்கிளா ஆடினவர், அவரை அங்கேயே திருப்பினாங்க. கார்டுக்கு 2023 இரண்டாம் சுற்றுல கோடி மாக், சென்டருக்கு 2024 முதல் சுற்றுல 26-ஆவதா கிரஹாம் பார்ட்டன். 2024-இல் மேஃபீல்டுக்கு 3 ஆண்டு 10 கோடி, வெர்ஃப்ஸுக்கு 5 ஆண்டு 14.06 கோடி.

கெடக்கியோட 2022 கார்டு ஆட்டத்தையும் 2023 டாக்கிள் ஆட்டத்தையும் அடுத்தடுத்து ஓட விட்டுப் பாருங்க. ஸ்நாப் ஆன முதல் ரெண்டு எட்டுல வீடியோவை நிறுத்தினாலே போதும். கார்டா இருக்கும்போது எதிராளி உடனே மேல விழறதால இடுப்பு நிமிர்ந்துடும், கை உயரமாப் போகும். டாக்கிளா இருக்கும்போது அந்த ஒரு யார்டு இடைவெளி கிடைக்குது, இடுப்பு தாழ்ந்தே இருக்கு, கை நெஞ்சுக்கு நேரா போகுது.